தோல் அச்சிடும் ஆய்வு: மலையகத்திலிருந்து வருபவர் முதல் வருடத்தை இழக்காமல் தொடங்க

ஜெலட்டினையும் கடற்பாசியிலிருந்து எடுத்த அல்ஜினேட்டையும் கலந்து, ஊசி வழியே இழை இழையாகப் பிதுக்கி, காயத்தை மூடும் தோல் போன்ற ஒன்றை அடுக்கலாம் என்று படித்துவிட்டுத்தான் நான் இந்த ஆய்வுக்குள் வந்தேன். பேராதனையில் பதினாறு மாதம் ஓடியது. அதில் பிரிண்டர் உண்மையாகவே ஓடிய நாட்கள் இருபதுகூட வராது. மற்ற மாதங்கள் எல்லாம் கடிதம், கையெழுத்து, காத்திருப்பு, கெட்டுப்போன கலவை என்றே கழிந்தன.

தமிழ் மொழி மூலம் உயர்தரம் படித்துவிட்டு, பேராதனைக்கோ பதுளைக்கோ வந்து, இறுதி வருட ஆய்வாகவோ முதுநிலைப் பட்டத்துக்காகவோ இதே வேலையை எடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் லயங்களில் விறகடுப்பாலும் குப்பி லாம்பாலும் வரும் தீக்காயமும், சர்க்கரை வியாதிக்காரர்களின் ஆறாத கால்புண்ணும் உங்களுக்கும் தெரிந்தவைதான். ஏன் இந்த ஆய்வு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எந்த வரிசையில் செய்வது என்று மட்டும் சொல்கிறேன்.

1. கலம் உண்டா, இல்லையா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

"செயற்கைத் தோல் அச்சிடுவது" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, உயிருள்ள கலம் (செல்) எதுவும் இல்லாத காய மூடி. ஈரத்தைக் காத்து, கசிவை உறிஞ்சி, காயத்தின் சொந்தக் கலங்கள் ஊர்ந்து வர இடம் கொடுக்கும் வலை அது. இரண்டாவது உயிருள்ள தோல். கீழே உட்தோலுக்கான நார்க்கலங்கள், மேலே மேற்றோல் கலங்கள். அச்சிட்ட பிறகும், அடிப்பக்கம் ஊடகம் எனப்படும் வளர்ப்புத் திரவத்திலும் மேற்பக்கம் காற்றிலும் இருக்கும்படி ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்த்தால்தான் மேற்றோல் அடுக்குப் பிடிக்கும்.

கைவசம் ஒரு வருடம்தான் என்றால் முதலாவதை எடுங்கள். கலமில்லாத மூடியை அச்சிட்டு, அது கலங்களைக் கொல்கிறதா, வளர விடுகிறதா என்று வளர்ப்புத் தட்டில் சோதியுங்கள். அதுவே முழுமையான ஓர் ஆய்வு. நான் இரண்டையும் சேர்த்து முன்மொழிவில் எழுதிவிட்டு, ஏழாவது மாதத்தில் பாதியை வெட்டினேன். வெட்டுவதற்கும் மறுபடி ஒரு கடிதம், மறுபடி ஒரு கூட்டம்.

2. தாள்கள்: பொருள் வாங்குவதற்கு முன்னால்

அதிக நேரம் இங்கேதான் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விற்பனைக்குக் கிடைக்கும் கல வரிசைகளை (ஆய்வுகூடங்களில் தொடர்ந்து வளர்த்துவரும் கலங்களை) மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எதிக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் நெறிமுறைக் குழுவின் முழு அனுமதி தேவைப்படாமல் போகலாம். "தேவையில்லை" என்று யாராவது வாயால் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். குழுவிடமிருந்து விலக்குக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். கட்டுரையை சஞ்சிகைக்கு அனுப்பும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

சத்திரசிகிச்சையில் வெட்டி எறியப்படும் தோலிலிருந்து கலம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முழு விண்ணப்பம் கட்டாயம். முன்மொழிவு, மேற்பார்வையாளரின் கடிதம், வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி, சத்திரசிகிச்சை நிபுணரின் சம்மதம், பட்ஜெட், எல்லோருடைய தகைமை விபரம் ஆகியவற்றுடன் தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். இப்படிப்பட்ட குழுக்கள் மாதம் ஒருமுறை கூடுவதுதான் வழக்கம். கடைசித் திகதியை ஒரு நாள் தவறவிட்டால் ஒரு மாதம் போயிற்று. திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் இன்னொரு மாதம். முழு விண்ணப்பத்துக்கு மூன்று மாதத்துக்குக் குறைவாகத் திட்டம் போடாதீர்கள்.

தமிழ்ப் படிவத்தை நீங்களே எழுதுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். என்னுடையதை ஒருவரிடம் பணம் கொடுத்து மொழிபெயர்த்தேன். "தங்களது சருமத்திலிருந்து அகற்றப்படும் இழையத்தின் ஒரு பகுதி ஆய்வுப் பயன்பாட்டுக்காகச் சேகரிக்கப்படும்" என்று வந்தது. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது பக்கத்து லயத்து அத்தையிடம் அதை வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கூடையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, கடைசி வரை பேசாமல் கேட்டார். அப்புறம், "ஏன் புள்ள, இதுல கைநாட்டு வச்சா தோல உரிச்சுருவாங்களா?" என்றார்.

அன்று இரவே முழுவதையும் மாற்றி எழுதினேன். "உங்கள் ஆபரேஷனில் டாக்டர் எப்படியும் வெட்டி எறியப்போகும் தோலில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவு துண்டு ஒன்றைக் கேட்கிறோம். இதற்காகப் புதிதாக எதையும் வெட்ட மாட்டோம். உங்கள் பெயரை எங்கேயும் எழுத மாட்டோம். முடியாது என்று சொன்னால் உங்கள் வைத்தியத்தில் எதுவும் குறையாது." அத்தை கேட்டுவிட்டு, "இப்பிடிச் சொன்னா வெளங்குதுல்ல" என்றார். குழுவும் அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம்கூடக் கேட்கவில்லை.

இன்னொன்று. தோட்டத்து ஆட்களிடம் சம்மதம் கேட்கும்போது கங்காணியோ கணக்கப்பிள்ளையோ பக்கத்தில் நிற்கக் கூடாது. சத்திரசிகிச்சை செய்யும் டாக்டரே கேட்பதும் சரியில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வராது. யார், எங்கே, எப்போது கேட்பார் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் மாடு அல்லது பன்றி. மாட்டிலிருந்து வந்த ஒன்றைத் தன் மேல் வைக்க விரும்பாதவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். பன்றியை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கு இது ஆய்வுகூட வேலைதான், ஆனாலும் நாளைக்கு யாருக்காக என்பதை நினைத்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வல்லாரை, கற்றாழை போன்ற மூலிகைச் சாற்றைச் சேர்ப்பதாக இருந்தால் செடியை முறையாக அடையாளம் காண வேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலேயே தேசிய உலர் தாவரச் சேகரிப்பகம் இருக்கிறது. பூவோடு, வேரோடு ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்து, மாதிரி இலக்கத்தை வாங்கி வையுங்கள். "சந்தையில் வாங்கிய வல்லாரை" என்று எழுதிய ஆய்வை மதிப்பீட்டாளர் ஏற்க மாட்டார்.

3. ஓர்டர்: தாள்கள் ஓடும்போதே இதுவும் ஓடட்டும்

பல்கலைக்கழகத்தின் ஊடாக வாங்கும்போது மூன்று விலைமனுக்கள் கேட்பார்கள். அவை டொலர் விலையைப் பொறுத்தவை, செல்லுபடிக் காலம் குறுகியது. 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாய் மட்டத்திலிருந்து 360 வரை ஏறியதை மறந்துவிடாதீர்கள். விலைமனு காலாவதியாவதற்கு முன் கையெழுத்து எல்லாம் விழுகிறதா என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பாருங்கள். முகவர் ஆறு வாரம் என்றால் மூன்று மாதம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கல வளர்ப்புக்கான கன்றுக்குட்டிச் சீரம் விலை கூடியது, விலங்குப் பொருளும்கூட. விலங்கிலிருந்து வந்தவற்றை இறக்குமதி செய்ய விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் கெட்டம்பேயில், எங்களுக்கு நடை தூரத்தில் இருக்கிறது. முகவர் அனுமதி எடுத்துவிட்டாரா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

உறைந்த கலங்கள் உலர் பனிக்கட்டியில் வரும். அது நாளுக்கு நாள் ஆவியாகிக் குறையும். வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் இறங்கும் பொதிக்குச் சனி, ஞாயிறு ஆள் இருக்காது. திங்கட்கிழமை போயா என்றால் முடிந்தது. எனக்கு நடந்தது அதுதான். பெட்டியைத் திறந்தபோது உள்ளே பனிக்கட்டி ஒரு துண்டும் இல்லை, குழாயில் இருந்தது வெறும் திரவம். ஓர்டர் கொடுக்கும்போதே கலண்டரில் போயா நாட்களைப் பார்த்து, செவ்வாய் அல்லது புதன் வந்து சேரும்படி எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உள்நாட்டில் வேறொரு ஆய்வுகூடத்திடம் அதே கல வரிசை இருந்தால், இரண்டு பக்க மேற்பார்வையாளர்களும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். கலம் வளரும் குடுவையை ஊடகத்தால் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கிச் சுற்றிக் கட்டி, கையில் கொண்டுவரலாம். என்னுடையது கொழும்பிலிருந்து ரயிலில், துவாய் சுற்றிய சாப்பாட்டுப் பெட்டிக்குள், மடியில் வந்தது. ஒரு நாள் இன்கியுபேட்டரில் ஓய்வு கொடுத்த பிறகு நன்றாகவே வளர்ந்தது.

4. மூலப்பொருள்

பயிற்சிக்கு விலை கூடிய போத்தலைத் திறக்காதீர்கள். முதல் ஒரு மாதம், கண்டியில் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் ஜெலட்டினும் உணவுத் தர அல்ஜினேட்டும் போதும். கை பழகிய பிறகு ஆய்வுகூடத் தரத்துக்கு மாறுங்கள். அப்போதும் சின்னப் போத்தலே வாங்குங்கள். 10 மில்லி லீற்றர் கலவைக்கு 0.3 கிராம் அல்ஜினேட்தான் போகும். 100 கிராம் போத்தல் முந்நூறு தடவைக்கு மேல் வரும்.

மீன் தோல் ஜெலட்டின் எனக்குப் பிடித்த வழி. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் பிடிபடும் திலாப்பியாவின் தோல் சும்மா கழிவாகப் போகிறது. மாடு, பன்றி என்ற சிக்கலும் இல்லை. ஆனால் அது மாடு, பன்றி ஜெலட்டினைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். பேராதனை மேசையில் குளிர்ச்சி கொடுக்காமல் நிற்காது. முதல் மையை, அதாவது அச்சிடும் கலவையை, மாடு அல்லது பன்றி ஜெலட்டினில் பழகிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள்.

தேன் சேர்க்க ஆசைப்படுவீர்கள். காட்டுத் தேனில் கிருமியின் வித்துக்கள் இருக்கலாம், சாதாரணச் சூட்டுக்கு அவை சாகாது. காயத்துக்கான தேனைக் காமாக் கதிரால் சுத்தம் செய்வதே முறை.

5. மை தயாரித்தல்

ஆய்வுகூடத்தில் பயோஇங்க் என்பார்கள். நான் மை என்றே எழுதுகிறேன். தொடங்குவதற்கு ஏற்ற அளவு: 3 சதவீத அல்ஜினேட், 6 சதவீத ஜெலட்டின். 10 மில்லி லீற்றருக்கு 0.3 கிராமும் 0.6 கிராமும். 0.9 சதவீத உப்புநீரை 45 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, முதலில் ஜெலட்டினைக் கரையுங்கள். பிறகு அல்ஜினேட் தூளைக் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால், கூழுக்கு மாவைக் கொட்டியது போலக் கட்டி பிடிக்கும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. கரைந்ததும் 37 பாகையில் சில மணி நேரம் வைத்து, மெதுவாகச் சுழற்றிக் குமிழி நீக்கி, சிரிஞ்சில் நிரப்புங்கள்.

சிரிஞ்சை 37 பாகையிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் வைத்தால் ஜெலட்டின் இறுகத் தொடங்கும். ஊசி நுனியில் சொட்டாகத் தொங்கினால் இன்னும் நேரம் வரவில்லை. அறுந்து அறுந்து, கரடுமுரடாக வந்தால் நேரம் தாண்டிவிட்டது. இடியப்ப உரலிலிருந்து வருவது போல வழவழப்பான ஒரே இழை வரும் அந்த இடைவெளிதான் உங்களுக்குத் தேவை. காலை எட்டு மணிக்கு அழகாக வந்த அதே மை, பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீராக ஓடியது. மூன்று வாரம் மையைக் குறை சொன்னேன். காரணம் அறை வெப்பம். அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு அச்சுக்கும் நேரத்தையும் அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். நுவரெலியாப் பக்கம் செய்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை வரும், சிரிஞ்சிலேயே கட்டியாகிவிடும்.

அச்சிட்டதும் 100 மில்லிமோலர் கல்சியம் குளோரைட்டுக் கரைசலை ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். கல்சியம் அல்ஜினேட் சங்கிலிகளைப் பிணைத்து இறுக்கும். போத்தல் லேபிளைக் கவனமாக வாசியுங்கள். நீரற்றது என்றால் 100 மில்லி லீற்றருக்கு 1.11 கிராம், இருநீரேற்று என்றால் 1.47 கிராம்.

அடுத்ததுதான் எல்லோரும் விழும் குழி. இறுகியதைக் கழுவ, கைக்கு முதலில் வருவது பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசல்தான். கலங்களைக் கழுவ எப்போதும் அதைத்தானே எடுக்கிறோம். ஆனால் பொஸ்பேற்று கல்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், பிணைப்பு அவிழும். மாலையில் கழுவி வைத்த பத்துத் துண்டுகள் காலையில் தட்டின் அடியில் குழம்பாகக் கிடந்தன. சாதாரண உப்புநீரில், கொஞ்சம் கல்சியம் சேர்த்துக் கழுவுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 37 பாகை இன்கியுபேட்டரில், பிணைக்கப்படாத ஜெலட்டின் உருகிக் கசிந்து வெளியேறும். நிற்பது அல்ஜினேட் வலை மட்டுமே. எடை குறைந்தால் பதற வேண்டாம், அளந்து எழுதுங்கள்.

6. பிரிண்டர்

இதற்காகத்தான் எல்லோரும் காசு தேடி அலைகிறார்கள், ஆனால் இது சின்ன விஷயம். வர்த்தக உயிர் அச்சுப்பொறி பல ஆயிரம் டொலர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழு, சாதாரண பிளாஸ்டிக் முப்பரிமாண பிரிண்டரில் சிரிஞ்ச் பொருத்தும் வடிவமைப்பை 2018 இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. பொறியியல் பீடத்து நண்பர் ஒருவரைப் பிடித்தால் சில நூறு டொலருக்குள் முடியும். 22 கேஜ் மழுங்கல் ஊசியில் தொடங்கி, பழகியதும் அதைவிட மெல்லிய 25 க்குப் போங்கள். 20 க்கு 20 மில்லி மீற்றர் சதுரம், நாலு அடுக்கு. இதைத் தொடர்ந்து மூன்று நாள் ஒரே மாதிரி அச்சிட முடிந்த பிறகுதான் கலங்களைப் பற்றி நினைக்க வேண்டும்.

7. கிருமி நீக்கம்

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் 121 பாகையில் வைத்தால் அல்ஜினேட் சங்கிலிகள் உடைந்து மை நீர்த்துவிடும். புற ஊதாக் கதிர் மேற்பரப்பை மட்டும்தான் தொடும். 0.22 மைக்கிரோமீற்றர் வடிகட்டியில் கெட்டியான மை போகாது. காமாக் கதிர் வேண்டுமென்றால் பியகமையில் இலங்கை காமா நிலையம் இருக்கிறது. வழக்கமான 25 கிலோகிரே அளவும் அல்ஜினேட்டை ஓரளவு உடைக்கும். நான் செய்தது இது: தூளைத் தூளாகவே புற ஊதாக் கதிரில் பரப்பி, இடையிடையே கிளறி, உப்புநீரைத் தனியாக ஓட்டோகிளேவ் செய்து, கிருமி புகாத பாதுகாப்புக் கூண்டுக்குள் கலந்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை வெறும் ஊடகத்தில் மூன்று நாள் வைத்து, கலங்கினால் அந்தத் தொகுதி முழுவதையும் எறிந்தேன். எந்த முறை எடுத்தாலும், அதற்குப் பிறகு இழை எப்படி வருகிறது என்று மறுபடி பாருங்கள்.

8. சோதனை

வழக்கமானது எம்டிடி சோதனை. உயிருள்ள கலம் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். மருத்துவச் சாதனங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10993 இன் ஐந்தாம் பகுதிப்படி, உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொருளைக் கலநச்சு என்று கொள்வார்கள். 1, 3, 7 ஆம் நாட்களில், மூன்று மூன்று துண்டாகச் செய்யுங்கள்.

மூலிகைச் சாறும் தேயிலைச் சாறும் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் உள்ள பொலிபீனோல்கள் கலமே இல்லாமல் அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். என் தேயிலைத் தூள் மாதிரிகள் 140 சதவீத உயிர்ப்பைக் காட்டின. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் கலமில்லாத தட்டிலும் அதே ஊதா நிறம். ஒப்பிட்டுப் பார்க்கக் கலமில்லாத தட்டு ஒன்றைத் தவறாமல் வையுங்கள், சோதனைக்கு முன் சாற்றைக் கழுவி நீக்குங்கள்.

மின்வெட்டைக் கணக்கில் எடுங்கள். ஜெனரேட்டர் எந்தப் பிளக்குக்கு வருகிறது என்று பராமரிப்புப் பிரிவு அண்ணனிடம் கேட்டு இன்கியுபேட்டரை அங்கே மாற்றுங்கள். காபனீரொட்சைட்டு சிலிண்டர் ஒன்றை மேலதிகமாக வையுங்கள். மழைக்காலத்தில் பாதை மூடினால் லொறி வராது.

9. மனிதர் மேல் வைக்கும் முன்

எலியில் செய்ய விலங்குகளுக்கான தனி நெறிமுறை அனுமதி. மனிதரில் செய்ய, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி, நெறிமுறை அனுமதி, மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு, நிபுணர் குழு எல்லாம் வேண்டும். பட்டப் படிப்புக்குள் அது முடியாது, முன்மொழிவில் எழுதாதீர்கள்.

ஆனால் கேட்பார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார்கள். போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது, சுடுதண்ணீர் கொட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓர் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். பிள்ளையின் கையில் பற்பசை அப்பியிருந்தது. "தங்கச்சி, நீ செய்யுற தோல்ல ஒரு துண்டு இருக்கா?" என்றார். ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் இருபது துண்டுகள் இருந்தன. ஒன்றைக்கூட நான் கொடுத்திருக்க மாட்டேன், நீங்களும் கொடுக்கக் கூடாது. பீலித் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்து, பற்பசையை மெதுவாக ஓடவிட்டு, மேலே சுத்தமான துணியைத் தளர்வாகப் போட்டு, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஓட்டோவில் போகும்போது அக்கா மறுபடியும் கேட்டார், "அப்ப எப்பத்தான் வரும்?" இன்னும் பல வருடம் ஆகும் என்று உள்ளதைச் சொன்னேன்.